வாடகை வீட்டு மொட்டை மாடியில் மல்லித் தோட்டம்: செடியைக் கடைசியாக வாங்குங்கள்

2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் வந்த தள்ளுவண்டியில் எட்டுப் பூச்செடி வாங்கினேன். நாலு குண்டுமல்லி, இரண்டு ரோஜா, ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை. எல்லாம் பூவும் மொட்டுமாக இருந்தன. அன்றைக்கே மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன். மே முடிவதற்குள் ஏழு செடி கருகிவிட்டது. ஜூனில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் கூரையில் ஈரம் கோத்திருக்கிறது என்று ஹவுஸ் ஓனர் வந்து நின்றார். மிச்சமிருந்த நந்தியாவட்டையைத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்துவிட்டு, செடி வளர்த்த க்ரோ பேக் பைகளை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

விட்டுவிட மனமில்லாததற்குக் காரணம் அம்மா. ஊரில் எங்கள் கொல்லையில் முல்லைப் பந்தல் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் மடி நிறையப் பூப்பறித்துப் பழகியவர், சென்னைக்கு வந்தபிறகு முழம் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கி, சாமி படத்துக்குக் கிள்ளி வைத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிப்பார். மார்கழி, தை மாதங்களில் பனியில் மொட்டு குறைந்து, சந்தையில் மல்லி கிலோ ஆயிரங்களில் போகும்போது அந்தக் கிள்ளலும் நின்றுவிடும். அதனால் 2023 ஜனவரியில் திரும்பத் தொடங்கினேன். இந்த முறை செடியைக் கடைசியில் வாங்கினேன். ஏப்ரலில் முதல் மொட்டு வந்தது. இன்றைக்குப் பருவத்தில் தினமும் இரண்டு முழத்துக்குக் குறையாமல் பூ கிடைக்கிறது.

நான் கற்றதெல்லாம் இந்த வரிசைதான். இதை மாற்றினால் என்ன ஆகும் என்று அந்த ஏழு செடிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. சென்னையை வைத்து எழுதுகிறேன்; மற்ற ஊர்க்காரர்கள் மாதக் கணக்கை மட்டும் தங்கள் ஊர் மழைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஒரு நாள் முழுக்க வெயிலைப் பாருங்கள்

செலவு: ஒரு சாக்பீஸ். நேரம்: ஒரு விடுமுறை நாள்.

மல்லி வெயில் கேட்கும் செடி. தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழவேண்டும். குறைந்தால் செடி பச்சைப்பசேலென்று நீளமாகக் கொடியோடும், பூ மட்டும் வராது. காலை 9, மதியம் 12, பிற்பகல் 3 மணிக்கு மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் எதுவரை விழுகின்றன என்று தரையில் கோடு போடுங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே இருக்கும் இடம்தான் உங்கள் தோட்டம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தை மாதத்தில் தெற்கே சாய்ந்திருக்கும் சூரியன், ஆனி மாதத்தில் சென்னைக்கு வடக்கே போய்விடும். ஜனவரியில் நிழலாகத் தெரியும் சுவரின் வடக்குப் பக்கம் ஜூனில் சுட்டெரிக்கும். ஆகவே ஜனவரியில் போட்ட கோட்டை நம்பி மென்மையான செடிகளை அங்கே வைத்துவிடாதீர்கள்.

மாடியே கிடையாது, மூன்று மணி நேரம் வெயில் வரும் பால்கனிதான் என்றால் மல்லி ஆசையை ஒத்திப்போடுங்கள். கனகாம்பரம் அரை நிழலில் நன்றாக வரும், தொடுக்கவும் ஆகும். நந்தியாவட்டையும் சமாளிக்கும்.

2. வாயால் கேட்டது போதாது, எழுதி வாங்குங்கள்

பெரும்பாலான வாடகை வீட்டுத் தோட்டங்கள் செடியால் கெடுவதில்லை, பேச்சால்தான் கெடுகின்றன. "ரெண்டு தொட்டி வெச்சுக்கட்டுமா சார்?" என்று நான் கேட்டேன், "வெச்சுக்கோங்கம்மா" என்று அவர் சொன்னார். எட்டுப் பை வைத்தேன். கூரையில் ஈரம் தெரிந்ததும், அது என் செடியால் வந்ததா, பல வருடமாகத் தளவோடுகளின் இணைப்பில் இருந்த விரிசலால் வந்ததா என்று காட்ட எங்கள் இருவரிடமும் எதுவும் இல்லை. பழுதுபார்த்த செலவில் பாதியை நான் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை, ஒரு வெள்ளைத்தாளில் இவ்வளவு எழுதினேன்:

தேதி, இருவர் பெயர், வீட்டின் விலாசம். மொட்டை மாடியில் எந்தப் பக்கம், எத்தனை பை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ. பைகளைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல்மேல் வைப்பேன். மழைநீர் இறங்கும் குழாய் வாயை அடைக்க மாட்டேன். வீட்டைக் காலி செய்யும்போது செடிகளை எடுத்துக்கொண்டு இடத்தைக் கழுவிவிட்டுப் போவேன். செடியால் சேதம் வந்தது தெரிந்தால் அதை நான் சரிசெய்து தருவேன்.

இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். இதற்கு முத்திரைத்தாள் தேவைப்படவில்லை. பதினொரு மாத அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கும் சமயமாக இருந்தால், அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இன்னும் நல்லது.

காகிதத்தைவிட எனக்குப் பயன்பட்டது படங்கள். செடி வைக்கும் முன்பு மாடித் தரை, விரிசல்கள், கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதி, கீழ் வீட்டுக் கூரை எல்லாவற்றையும் படம் எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். தேதி அதிலேயே பதிவாகிவிடுகிறது. கீழே குடியிருப்பவரிடமும் போய் ஒரு வார்த்தை சொன்னேன். சின்ன விஷயம்தான், ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டு அக்கா மேலே வரும்போதெல்லாம் வாடிய இலையைக் கிள்ளிப்போட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்.

அடுக்ககம் என்றால் ஓனர் சொன்னால் மட்டும் போதாது. மொட்டை மாடி எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மாதமாவது ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. எடையைக் கணக்குப் போடுங்கள்

ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள பை சுமார் 21 லிட்டர் கொள்ளும். முழுக்கச் செம்மண் நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டிவிடும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் ஏறக்குறைய 20 கிலோவில் நிற்கும்.

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமை என்று வைத்துக் கட்டடத்தை வடிவமைக்க இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 875 சொல்கிறது. அந்தக் கணக்கில் நடமாடும் மனிதர்களும் அடக்கம். செம்மண் நிரம்பிய பை நாலைந்தை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். ஆகவே பைகளை மாடி நடுவில் குவிக்காதீர்கள். கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரங்களில், ஒற்றை வரிசையாக, ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். எட்டுப் பைக்கு இதுவே போதுமான பாதுகாப்பு. ஐம்பது, நூறு என்று போக நினைப்பவர்கள் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் ஒரு பைக்குக்கூடக் கேட்டுவிட்டு வைப்பதே சரி.

கைப்பிடிச் சுவர் மேல் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் தலையில் விழும்.

4. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் தோட்டத்தைக் கொன்றது ஏப்ரல். நர்சரி வலை நிழலில் வளர்ந்த செடி, வேர் பிடிக்கும் முன்பே மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் மாட்டிக்கொண்டது. தரையில் வேர்விட்ட செடிக்கு மண்ணுக்கு அடியில் குளிர்ச்சி இருக்கும். மாடியில் பையின் பக்கங்களும் அடியும் சேர்ந்து சுடும், வேர் வெந்துவிடும்.

சென்னைக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரி, பிப்ரவரி. அல்லது வெயில் தணியும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. அக்டோபர், நவம்பரில் நட்டால் வேர் ஊறி அழுகும். ஜனவரியில் நடவேண்டுமென்றால் டிசம்பரிலேயே மேலே சொன்ன மூன்று வேலையையும் முடித்து, மண் கலவையையும் தயார்செய்து வையுங்கள்.

5. பை, மண், செலவு

எட்டுப் பைக்கு எனக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன். இது 2023 தொடக்கத்து விலை, கடைக்குக் கடை மாறும்.

ஓரடி க்ரோ பேக் எட்டு: 360 ரூபாய். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று: 200. செம்மண் இரண்டு மூட்டை: 160. மண்புழு உரம் 25 கிலோ: 350. வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கிலோ: 100. செங்கல் இருபத்துநாலு: 240. பச்சை நிழல்வலை: 300. வேப்பெண்ணெய்: 150. கத்தரியும் சிறு மண்வெட்டியும்: 200. ஆட்டோ: 300. செடிகள் எட்டு: 400. மொத்தம் 2,760 ரூபாய்.

பூத்தொட்டிக் கடைகளில் காட்டும் பீங்கான் தொட்டிகளுக்கு மயங்காதீர்கள். வாடகை வீட்டுக்காரருக்குப் பைதான் தோழன். வீடு மாறும்போது இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வண்டியில் வைத்துவிடலாம். பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சூடான கம்பியால் ஆறேழு ஓட்டை போடுங்கள், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டிலும் நாலு. ஒவ்வொரு பைக்கும் மூன்று செங்கல், நடுவில் இடைவெளி விட்டு. காற்று புகுந்து தரை காயவேண்டும், அதுதான் கூரையைக் காப்பாற்றும்.

நார்க்கழிவில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் பல கட்டிகளில் உப்பு அதிகம். அப்படியே கலந்தால் புது இலைகளின் நுனி கருகும். முதல் முறை நான் அதை வெயிலின் வேலை என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். பெரிய வாளியில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, இதையே மூன்று முறை செய்யுங்கள். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் எட்டுப் பைக்கும் தாராளம்.

செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கலந்து, விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, லேசாக நனைத்துப் பத்து நாள் சும்மா விடுங்கள். பிண்ணாக்கு மட்கும்போது மண் சுடும், அந்தச் சூடு அடங்கிய பிறகே செடி.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (தோட்டப் பொருட்கள் அடங்கிய தொகுப்பு) கொடுக்கிறதே, அதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது முக்கியமாகக் காய்கறிக்கானது. ஆனால் அதிலுள்ள பை, நார்க்கழிவு, உயிர் உரங்கள் பூச்செடிக்கும் உதவும். துறையின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும், ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவுப் படமும் கையில் வைத்திருங்கள். ஆண்டுக்கு ஆண்டு விலையும் இருப்பும் மாறும். அதற்காகக் காத்திருந்து நடவு மாதத்தைத் தவறவிடாதீர்கள். கற்றுக்கொண்டு தொடங்க நினைத்தால், கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. மாடித்தோட்டப் பயிற்சி எப்போது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

6. இப்போது செடி வாங்கலாம்

முதலில் பெயர்க் குழப்பம். சென்னையில் நாலு செடியையும் "மல்லி" என்றே விற்கிறார்கள். குண்டுமல்லி கோடையில் பூக்கும், மொட்டு உருண்டையாக இருக்கும், நாம் முழம் போட்டு வாங்குவது இதுதான். முல்லை மெல்லிய, நீண்ட மொட்டு, படர்ந்து ஓடும், பந்தல் கேட்கும். ஜாதிமல்லி அல்லது பிச்சி, மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், அதுவும் கொடி. காக்கடா மணம் குறைவு, ஆனால் பனிக்காலத்திலும் பூக்கும். முதல் தோட்டத்துக்குக் குண்டுமல்லி நாலு, காக்கடா ஒன்று என்று வையுங்கள். மற்றது இல்லாத மாதத்தில் காக்கடா கைகொடுக்கும்.

"இது அசல் மதுரை மல்லிக் கன்று" என்று இரட்டை விலை சொல்வார்கள். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது உண்மை. ஆனால் அந்தப் பெயர் அந்த மண்ணில், அந்த வெயிலில் விளையும் பூவுக்கு உரியது. குண்டுமல்லிக் கன்றுகளுக்குப் பெயர்போன இடம் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கம். நல்ல குண்டுமல்லிக் கன்று என்று கேட்டு வாங்கினால் போதும், பெயருக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

பூ இருக்கும் செடியை எடுக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். மொட்டு நிறைந்த கன்று தன் பலத்தையெல்லாம் பூவில் போட்டுவிட்டு, வேர்விட ஆற்றலில்லாமல் நிற்கும். குட்டையாக, அடியிலிருந்தே மூன்று நாலு கிளை பிரிந்து, துளிர் விட்டுக்கொண்டிருக்கும் கன்றைத் தேடுங்கள். தண்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு அசைந்து வந்தால் அது நேற்றுச் செருகிய குச்சி. பையின் ஓட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப்பார்த்தால் நல்ல அறிகுறி. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்கவேண்டாம். வெள்ளைப் பஞ்சு போலவோ மெல்லிய நூலாம்படை போலவோ இருந்தால் அந்தக் கடையையே விட்டு நகருங்கள்.

ரோஜா வாங்கினால் ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் காட்டு ரோஜா, வந்தவுடன் கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் நீங்கள் வாங்கிய ரோஜா ஒரு வருடத்தில் காணாமல் போகும்.

அரளி வெயிலைத் தாங்கும், பூவும் நிறையத் தரும். ஆனால் அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. குழந்தைகள் ஏறி விளையாடும் மாடியில் வைக்காதீர்கள்.

7. நடுவதும் முதல் மாதமும்

வாங்கிவந்த அன்றே நடவேண்டாம். ஒரு வாரம் வீட்டு வராந்தாவிலோ வலை நிழலிலோ இருக்கட்டும். பிறகு ஒரு சாயங்காலம், நர்சரிப் பையைக் கத்தியால் கீறி, மண்ணுருண்டை உடையாமல் எடுத்து, முன்பு இருந்த ஆழத்துக்கே நடுங்கள். சுற்றி மண்ணை அழுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நாள் நிழல்வலைக்குக் கீழ், அதன்பின் காலை வெயில் மட்டும், அதன்பின் முழு வெயில்.

முதல் மாதம் உரம் எதுவும் வேண்டாம். முதலில் வரும் ஒன்றிரண்டு மொட்டையும் கிள்ளிவிடுங்கள். மனது வராதுதான். அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அந்தக் கிள்ளலில்தான் செடி பக்கக் கிளை விட்டது.

8. தண்ணீர்

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றவேண்டாம். கோடையில் காலையும் மாலையும் தேவைப்படும், ஜனவரியில் இரண்டு நாளுக்கு ஒரு முறை போதும். வேர்ப்பக்கம் ஊற்றுங்கள், மொட்டின்மேல் தெளிக்காதீர்கள்.

வீட்டு ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கவேண்டாமென்று செடிக்கு ஊற்றுகிறார்கள். செய்யாதீர்கள். குடிநீரில் குறைத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பரவாயில்லை. போர் தண்ணீர் மட்டும்தான் என்றால், மாதம் ஒரு முறை மெட்ரோ (குடிநீர் வாரியத்) தண்ணீரோ மழைநீரோ அடிவழியே வழிந்தோடும் அளவு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மல்லியின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும், மாதம் ஒரு முறை வீதம் மஞ்சள் மறையும்வரை. நான் இதற்கு ஐந்து மாதம் பிண்ணாக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

பைக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் வாரம் ஒரு முறையாவது அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும், அதற்கு ஒரு மூடித் தண்ணீர் போதும்.

9. கவாத்து: பூவின் ரகசியம் இங்கேதான்

"செடி நல்லா இருக்கு, பூக்கவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கத்தரியைத் தொட்டதில்லை. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை பழைய கிளையாகவே நின்றால் மொட்டுக்கு இடமில்லை.

கிளைகளை வெட்டிவிடும் பெரிய கவாத்து வருடத்துக்கு ஒரு முறை. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. நிலத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுகிறார்கள். பையில் நான் ஓரடி விடுகிறேன். காய்ந்த குச்சி, பின்னிக்கிடக்கும் கிளை, நோய்பிடித்த இலை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மழை கொட்டும் நாளில் வெட்டாதீர்கள், வெட்டுவாய் அழுகும். சென்னையில் நவம்பர் கடைசியில் புயல் சின்னம் இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. வெட்டியபின் பைக்கு நாலு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு.

சின்ன கவாத்து பருவம் முழுக்க. ஒரு கொத்து பூத்து முடிந்ததும், அந்தக் கிளையின் நுனியை இரண்டு கணு விட்டுக் கிள்ளிவிடுங்கள். ஒரு கிளை இரண்டாகும், இரண்டும் மொட்டு வைக்கும். மார்ச்சில் எண்ணி நாற்பது மொட்டு தந்த செடி மே மாதம் இருநூறு தந்தது இந்தக் கிள்ளலால்தான்.

பூக்கும் பருவத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று நாள் ஊறிய கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுகிறேன். மாற்றி மாற்றிப் பஞ்சகவ்யம், லிட்டருக்கு 30 மில்லி. யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள், இலைதான் கொழிக்கும்.

10. பூச்சி

மொட்டில் ஓட்டை விழுந்து, இரண்டு மூன்று மொட்டுகள் நூலால் பின்னியிருந்தால் மொட்டுப்புழு. மொட்டு வளராமல் ஊதாநிறமாகி உதிர்ந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் மருந்து உங்கள் விரல்தான். கெட்ட மொட்டையெல்லாம் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், உதிர்ந்ததையும் கூட்டி அள்ளுங்கள், மண்ணில் விட்டால் அங்கிருந்தே அடுத்த தலைமுறை வரும். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் இறங்கியபின் வாரம் ஒரு முறை. கோடையில் இலை அடியில் நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி, குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சினாலே பாதி போய்விடும். செம்பருத்தியின் மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். சாமிக்கும் தலைக்கும் வைக்கும் பூ இது, கடையில் தரும் கடும் விஷம் எதுவும் வேண்டாம்.

11. மழைக்கு முன்

செப்டம்பர் கடைசி ஞாயிறு: மழைநீர்க் குழாய் வாயில் கம்பிவலை வைத்து, சருகெல்லாம் அள்ளுங்கள். பை ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் ஒட்டித் தள்ளி, ஒன்றோடொன்று கயிற்றால் கட்டுங்கள். ஓரிரு நாளுக்குச் சேர்த்து வைப்பதால் பயமில்லை, சுவரின் பலம் கீழே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் இப்படித்தான் எங்கள் எட்டும் தப்பின. மழை விட்டபின் ஒரு வாரம் தண்ணீரே ஊற்றவில்லை.

12. பறிப்பது, பதியம் போடுவது

குண்டுமல்லியை வெள்ளையாக, முழுசாகப் பருத்து, இன்னும் வாய் திறக்காத மொட்டாகப் பறிக்கவேண்டும். வியாபாரத்துக்கு விடியலிலேயே பறித்துவிடுவார்கள். வீட்டுக்கு மாலை நாலு மணி போதும். ஈரத்துணியில் போட்டு, வாழைநாரில் தொடுத்து முடிக்கும்போது ஐந்தரை. ஏழு மணிக்கு, விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் சரம் ஒவ்வொன்றாக விரியும். கடையில் வாங்கும் பூ நம் வீட்டுக்கு வரும்போதே பாதி விரிந்திருக்கும், அந்த விரியும் நேரத்து மணத்தை நகரத்தில் நாம் வாங்கமுடிவதில்லை. அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதற்காகவே இவ்வளவும் செய்யலாம் என்பேன். மூட்டுவலியால் படியேறாத அம்மா, பருவத்தில் மாலை நாலுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுகிறார். தொடுக்கும்போது விரலும் மடங்குகிறது. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் ஒரு நாளும் அழுத்தியதில்லை.

மிஞ்சும் பூவை வாழை இலையில் சுற்றி, மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகும்.

ஜூன், ஜூலையில் புதுச்செடி உண்டாக்கலாம். தரையோடு சாயும் ஒரு கிளையை வளைத்து, கணுவின் அடியில் தோலை லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த சிறு பையின் மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேர்விடும். தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பிறகும் பத்து நாள் அதே இடத்தில் இருக்கட்டும். போன ஜூலையில் நாலு பதியம் போட்டேன். ஒன்று கீழ்வீட்டு அக்காவுக்கு, இன்னொன்றை ஹவுஸ் ஓனர் தன் வீட்டு வாசலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டும் மாடியில் ஒன்பதாவது, பத்தாவது பையாக இருக்கின்றன. வெள்ளைத்தாளில் எண்ணிக்கையைத் திருத்தி, இருவரும் மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.